வானத்தில் ஓர் அரை ஆம்பியர்

"எலக்ட்ரான் கற்றையை மேலே பாய்ச்சி வானிலையையே மாற்றுகிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை மாணவர்கள் என்னிடம் காட்டுவதுண்டு. பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்றம் பெற்ற துகள்களாலான வாயுவை, ஆராயும் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் கேட்கிறார்கள். கேட்பது நல்லதுதான்.

1975இல் பிரான்சும் சோவியத் ஒன்றியமும் சேர்ந்து அராக்ஸ் சோதனையை நடத்தின. இந்தியப் பெருங்கடலின் தெற்கே கெர்கலன் தீவிலிருந்து ராக்கெட்டில் போன எலக்ட்ரான் துப்பாக்கி (எலக்ட்ரான்களைக் கற்றையாகப் பாய்ச்சும் கருவி), எலக்ட்ரான்களைப் பூமியின் காந்தக் கோடுகள் வழியே ரஷ்யாவின் அர்க்காங்கெல்ஸ்க் பக்கம் அனுப்பியது. 27,000 வோல்ட் என்றால் மிரட்சியாக இருக்கும். ஆனால் மின்னோட்டம் அரை ஆம்பியர்தான். பெருக்கினால் 13.5 கிலோவாட், ஏழு வீட்டு வாட்டர் ஹீட்டர் அளவு. துருவப் பகுதி வானில் தெரியும் இயற்கையான துருவ ஒளிக்குப் பின்னால் இருப்பதோ கிகாவாட் கணக்கு. மழை மேகங்கள் 20 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். கற்றை பாயும் அயனி மண்டலம், அதாவது மின்னேற்றத் துகள்கள் உள்ள மேல் அடுக்கு, அதற்கு வெகு உயரத்தில் இருக்கிறது.

உண்மையான சிக்கல் வேறு. ராக்கெட்டுக்கு எர்த் கிடையாது. எலக்ட்ரான் வெளியேற வெளியேற அதன் உடல் நேர்மின்னேற்றம் பெற்று, போனதையே திரும்ப இழுக்கும். எங்கள் வெற்றிடக் கலனில் ஒருமுறை துப்பாக்கியின் எர்த் வயர் கழன்றிருந்தது. மீட்டர்கள் எல்லாம் சரி, கற்றை மட்டும் வரவில்லை. அரை நாள் தேடினோம். மேலே அந்த வயரின் வேலையைச் சுற்றியுள்ள பிளாஸ்மாதான் செய்ய வேண்டும். அதனால்தான் 1969இல் வர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவிலிருந்து செயற்கைத் துருவ ஒளியை உண்டாக்கிய வில்மட் ஹெஸ், எலக்ட்ரானைச் சேகரிக்கப் பெரிய அலுமினியப் பூச்சுத் தாளை விரித்தார். 1983இல் விண்வெளி ஓடத்தில் பறந்த ஸ்பேஸ்லேப்-1 ஆய்வகத்தில் ஜப்பானியக் குழு கற்றையின் மின்னோட்டத்தைக் கூட்டியபோது விண்வெளி ஓடமே மின்னேற்றம் பெற்றது. கொஞ்சம் வாயுவைப் பீய்ச்சியதும் அது தணிந்தது. செயற்கைக்கோள் செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான்.

சரி, இவ்வளவு பாடு எதற்கு? கற்றை போகும் வழியில் தன் ஆற்றலில் கொஞ்சத்தை ரேடியோ அலைகள் போன்ற மின்காந்த அலைகளாக விட்டுச் செல்கிறது. விசிலர் என்பது அதில் ஒரு வகை. ஒலிபெருக்கியில் கேட்டால் சீழ்க்கை போலவே இறங்கும். பூமியின் காந்தப்புலம் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் கதிர்வீச்சு வளையத்தில் சிக்கிய எலக்ட்ரான்களை வளிமண்டலத்துக்குள் தள்ளிவிட இந்த அலைகளால் முடியும்.

அதன் அருமை 1962இல் தெரிந்தது. ஜூலை 9 அன்று பசிபிக் மேல் 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா ஸ்டார்ஃபிஷ் பிரைம் அணுகுண்டை வெடித்தது. அது காந்தப்புலத்தில் சிக்கவைத்த எலக்ட்ரான்களின் கதிர்வீச்சு, மறுநாள் ஏவப்பட்ட டெல்ஸ்டார் உட்படப் பல செயற்கைக்கோள்களைக் கெடுத்தது. அப்படிச் சிக்கும் எலக்ட்ரான்களை அலைகளால் வெளியேற்ற முடியுமா என்ற கேள்வியோடுதான் 2023இல் அலாஸ்காவிலிருந்து எலக்ட்ரான் கற்றையோடு பீம்-பை என்ற ஆய்வு ராக்கெட் கிளம்பியது.