விடுப்புச் சம்பளத்தை உங்கள் மென்பொருள் எந்த எண்ணால் வகுக்கிறது?

திருப்பூர், அவிநாசி, பெருந்துறை வட்டாரப் பின்னலாடை நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியல் தயாரித்துக் கொடுக்கும் வேலையில், அடிக்கடி கண்ணில் படும் குறை ஒன்று உண்டு. வேலைக்கு வந்த நாளின் கூலியைப் பைசா பிசகாமல் போடும் மென்பொருள், அதே தொழிலாளி சம்பளத்துடன் கூடிய விடுப்பில் போகும்போது மட்டும் குறைத்துப் போட்டுவிடுகிறது. பெரும்பாலும் இதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. மென்பொருளை நிறுவிய நாளில் 'அடிப்படைச் சம்பளம் வகுத்தல் 30' என்றோ 'வகுத்தல் 26' என்றோ அதில் இருந்த அமைப்பை, பிறகு எவரும் திறந்து பார்க்காததே காரணம். நிலையான மாதச் சம்பளம் வாங்குவோருக்கு இதனால் வரும் வேறுபாடு சிறியதாக இருக்கலாம். பீஸ் ரேட்டிலும் (தைத்த உருப்படிக்கு இவ்வளவு கூலி என்ற முறையிலும்) ஷிப்ட் கணக்கிலும் உழைப்பவர்களுக்கோ விடுப்பு ஒவ்வொன்றும் நட்டமாக முடிகிறது.

இந்தக் கணக்கின் முறையை வகுத்தது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 80ஆம் பிரிவு. விடுப்புக்கு முந்தைய மாதத்தில் தொழிலாளி உண்மையில் வேலை செய்த நாட்களில் ஈட்டிய முழுநேர வருமானத்தின் தினசரி சராசரியே விடுப்பு நாளுக்கான கூலி என்றது அது. பஞ்சப்படி அதில் சேர்ந்தது. ஓவர்டைம் கூலியும் போனஸும் சேரவில்லை. வகுபடும் எண் (தொகுதி) ஈட்டிய வருமானம், வகுக்கும் எண் (பகுதி) வேலை செய்த நாட்கள் என்பதுதான் சூத்திரம். 26, 30 என்ற நிலையான எண்களுக்கு அதில் இடமே இருக்கவில்லை.

ஓர் ஓவர்லாக் தையல்காரரை எடுத்துக்கொள்வோம். முந்தைய மாதம் 24 நாள் வேலைக்கு வந்து, ஓவர்டைம் நீங்கலாக பீஸ் கணக்கில் 15,600 ரூபாய் ஈட்டியிருக்கிறார் என்றால், அவருடைய ஒரு நாள் விடுப்புக் கூலி 650 ரூபாய். மென்பொருளின் தொழிலாளர் பதிவேட்டிலோ அவருக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000 ரூபாய் என்று பதிந்திருக்கிறது. அதை 26ஆல் வகுத்தால் 500 ரூபாய். 30ஆல் வகுத்தால் 433 ரூபாய்தான். அவர் 15 நாள் விடுப்பு எடுத்தால் சேர வேண்டிய தொகை 9,750 ரூபாய். கைக்கு வருவது 7,500 அல்லது 6,500. ஊர் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) போய்த் திரும்பிய ஒருவர், "ஏனுங்க, வேலைக்கு வந்தா ஒரு கூலி, லீவுல போனா ஒரு கூலிங்களா?" என்று சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோது, கணக்கர் காட்டிய பதில் கணினித் திரை மட்டுமே. அந்தத் தொகை எப்படி வந்தது என்று திரையிலும் இல்லை, சீட்டிலும் இல்லை.

வகுக்கும் எண்ணைச் சரியாக அமைத்துவிட்டதாக நம்பும் நிறுவனங்களிலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நம் பகுதியில் வருகையை நாளாகப் பதிவதைவிட ஷிப்டாகப் பதிவதே வழக்கம். இரவு வரை நின்று தைத்தவருக்கு அன்றைக்கு ஒன்றரை ஷிப்ட். மேலே சொன்ன தையல்காரர் 24 நாளில் 12 நாள் ஒன்றரை ஷிப்ட் நின்றிருந்தால், வருகைப் பதிவேட்டின் கூட்டுத்தொகை 30 என்று வரும். மென்பொருள் தொகுதியிலிருந்து ஓவர்டைம் கூலியை முறைப்படி நீக்கிவிட்டு, பகுதியில் 24க்குப் பதிலாக இந்த 30ஐ எடுத்துக்கொண்டால், கூலி 650இலிருந்து 520க்கு இறங்கிவிடும். அதாவது, கூடுதலாக உழைத்த மனிதருக்குத்தான் விடுப்புக் கூலி குறைகிறது. 30 என்பது மாதத்தின் நாட்களைப் போலவே தோற்றமளிப்பதால், சரிபார்ப்பவரின் கண்ணுக்கும் இது தப்பிவிடுகிறது. ஷிப்ட் எண்ணிக்கைக்கு ஒரு பத்தியும் வேலைக்கு வந்த நாட்களுக்குத் தனியாக ஒரு பத்தியும் வைப்பது ஒன்றே இதற்கு வழி.

முந்தைய மாதத்தில் ஒரு நாள்கூட வேலை செய்யாதவரின் நிலை இன்னும் மோசமானது. பேறுகால விடுப்பு முடிந்து திரும்பிய ஒரு பெண், குழந்தைக்கு உடல்நலமில்லை என்று அதே மாதத்தில் தன் கணக்கில் இருந்த விடுப்பை எடுத்தார். முந்தைய மாதத்து வருமானம் சுழியம், நாளும் சுழியம் என்பதால் சம்பளச் சீட்டில் விடுப்புக் கூலியும் சுழியமாகவே அச்சாகியிருந்தது. இத்தகைய நிலைக்கென்றே, தொழிலாளி கடைசியாக வேலை செய்த மாதத்தின் சராசரியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதே 80ஆம் பிரிவு வழி சொல்லியிருந்தது. மென்பொருளில் அந்த நிபந்தனையை எழுதச் சொல்லி நிறுவனத்தார் கேட்க வேண்டும். கேட்காமல் அது தானாக வந்து சேராது.

2025 நவம்பர் 21 அன்று, அந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளிட்ட பழைய சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருப்பதால், இந்த அமைப்புகளைத் திறந்து பார்க்க வேண்டிய கட்டாயம் இப்போது எல்லோருக்கும் வந்துவிட்டது. விடுப்புக்குத் தகுதி பெற ஓராண்டில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது 180 நாளாகக் குறைந்திருக்கிறது. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு என்ற அளவு மாறவில்லை. அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக வைத்துப் படிகளைப் பெருக்கிக் காட்டும் பழக்கத்துக்கும் ஊதியத்துக்கான புதிய வரையறை அணை போட்டிருக்கிறது: ஊதியக் கணக்கிலிருந்து விலக்கப்பட்ட படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். ஆகவே தகுதி நாட்களை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்வது போதாது. பீஸ் ரேட் தொழிலாளிக்குச் சராசரிக் கணக்கே நியாயமான கணக்கு என்பது என் உறுதியான கருத்து. சட்டம் மாறுகிறது என்ற பெயரில் அதைக் கைவிட்டுவிடக் கூடாது.

பணம் எந்தத் தலைப்பில் பதிவாகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நான்கு நாளோ அதற்கு மேலோ விடுப்பு எடுப்பவருக்கு விடுப்பு தொடங்கும் முன்பே கூலியைக் கொடுக்க வேண்டும் என்றது 81ஆம் பிரிவு. அதைச் செய்ய மென்பொருளில் வசதி இல்லாதபோது, அட்வான்ஸ் என்று பதிந்து பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அட்வான்ஸ் என்றால் மென்பொருளுக்குக் கடன்தான். அடுத்த மாதம் தவறாமல் பிடித்துக்கொள்ளும். அதுபோல, விடுப்பில் இருக்கும் நாளுக்கான கூலியும் எடுக்காத விடுப்பைக் காசாக்கும் தொகையும் வெவ்வேறு தலைப்பில் இருக்க வேண்டும். முன்னதற்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் உண்டு, பின்னது பி.எஃப். கணக்கிற்கான அடிப்படை ஊதியத்தில் சேராது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சரிபார்ப்பதற்கு நிபுணர் யாரும் தேவையில்லை. கடந்த மாதம் விடுப்பு எடுத்தவர்களில் ஒரு பீஸ் ரேட் தொழிலாளியையும், ஒன்றரை ஷிப்ட் அதிகம் நின்ற ஒருவரையும், நீண்ட விடுப்பிலிருந்து திரும்பிய ஒருவரையும் எடுத்துக்கொண்டு, வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்து, கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மென்பொருள் தரும் தொகையோடு அது ஒத்துப்போகாவிட்டால், எந்த நாட்களைப் பகுதியாக எடுத்தது, எந்த வருமானத்தைத் தொகுதியாக எடுத்தது என்று அதை அமைத்துக் கொடுத்தவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சம்பளச் சீட்டில் விடுப்புக் கூலி என்று மொத்தத் தொகையை மட்டும் அச்சிடாமல், முந்தைய மாத வருமானம், வேலை செய்த நாட்கள், ஒரு நாள் கூலி, விடுப்பு நாட்கள் ஆகிய நான்கையும் தனித்தனியாகத் தமிழில் அச்சிடச் சொல்லுங்கள்.