ஸ்லிப்ஸ்ட்ரீம்: தமிழில் எப்படிச் சொல்வது?

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், கணினி பழுதுபார்ப்பதில் பழுத்தவர்களிடம் பழைய விண்டோஸ் எக்ஸ்பி பற்றிப் பேச்சுக் கொடுத்தால் இரண்டு சொற்றொடர்கள் காதில் விழும். ஒன்று, ‘ஸ்லிப்ஸ்ட்ரீம் செய்த சிடி’. மற்றொன்று, ‘டிரைவர் ஏற்றிய சிடி’. இரண்டும் குறிப்பது ஒரே பொருளைத்தான். முதலாவது கேட்பதற்கு மிடுக்காக இருக்கிறது. இரண்டாவது சொன்னவுடன் புரிகிறது.

பொருள் இதுதான்: இயங்குதளம் ஒன்றின் நிறுவல் வட்டில் இயல்பாக இல்லாத திருத்தங்களையும் இயக்கிகளையும், அதாவது வன்பொருளை இயக்கத் தெரிந்த டிரைவர் நிரல்களையும், நிறுவத் தொடங்குவதற்கு முன்பே அதன் கோப்புகளுக்குள் சேர்த்து, புதிய வட்டாக எழுதிக்கொள்வது. நிறுவி முடித்த பிறகு டிரைவர் போடுவதை யாரும் ஸ்லிப்ஸ்ட்ரீம் என்று சொல்வதில்லை. இந்த ‘முன்பே’ என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தமிழ்ச்சொல் தேடும்போது வேண்டியிருக்கும்.

ஆங்கிலத்தில் ‘ஸ்லிப்’ என்றால் நழுவுதல், ‘ஸ்ட்ரீம்’ என்றால் ஓட்டம். இந்த ஸ்ட்ரீமும் வடமொழியில் நீரோட்டத்தைக் குறிக்கும் ‘ஸ்ரோதஸ்’ என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பர் மொழியியலார். ஸ்லிப்பையும் ஸ்ட்ரீமையும் சேர்த்துப் புழங்கச் செய்தது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த விமானத் துறை. சுழலும் விசிறி பின்னோக்கித் தள்ளுகிற காற்றோட்டத்துக்கு அந்தப் பெயர். பிறகு பந்தயக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். முன்னால் செல்லும் வண்டி காற்றைப் பிளந்துகொண்டு போவதால் அதற்கு நேர் பின்னால் தடை குறைகிறது. அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு வருபவருக்கு வேகம் எளிதில் கிடைக்கிறது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் கார்களையும் பைக்குகளையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மென்பொருள் துறைக்கு வந்தபோது காற்று காணாமல் போய்விட்டது. மென்பொருளை அட்டைப் பெட்டியில் வைத்து விற்ற காலத்தில், ஒரு பதிப்பு விற்பனைக்குப் போன பிறகு பிழை கண்டுபிடிக்கப்பட்டால், நிறுவனங்கள் சில நேரம் அதைச் சத்தமில்லாமல் திருத்திவிடும். பதிப்பு எண் மாறாது, அறிவிப்பும் வராது. அடுத்து அச்சாகும் வட்டுகளில் மட்டும் திருத்தம் இருக்கும். ஒரே எண் கொண்ட இரண்டு பெட்டிகளை இருவர் வாங்கியிருப்பார்கள். உள்ளடக்கம் வேறாக இருக்கும். உற்பத்தி ஓட்டத்துக்குள் எதையோ நழுவவிடுவது என்ற பொருளில் இதற்கு ஸ்லிப்ஸ்ட்ரீம் என்று பெயர் வந்தது. வாங்கியவரின் பார்வையில் இது அவ்வளவு நேர்மையான செயல் அல்ல என்பது என் கருத்து.

விண்டோஸ் 2000 வந்ததும் சொல் கைமாறியது. மைக்ரோசாப்ட் அவ்வப்போது வெளியிட்ட திருத்தத் தொகுப்புகளை, அதாவது சர்வீஸ் பேக்குகளை, நிறுவல் கோப்புகளுக்குள்ளேயே கலந்துவிடும் வசதியைப் பயனரிடமே கொடுத்தார்கள். நூறு கணினிகளைப் பராமரிப்பவர் ஒவ்வொன்றிலும் விண்டோஸை நிறுவி, பிறகு தொகுப்பையும் நிறுவிக்கொண்டிருக்கத் தேவையில்லை; கலந்த வட்டு ஒன்று போதும். அப்போது கட்டளையோடு சேர்த்துத் தட்ட வேண்டியது ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்து. எக்ஸ்பிக்கு 2004இல் இரண்டாம் சர்வீஸ் பேக் வந்த வேளையில் அந்த இடத்தில் ‘இன்டகிரேட்’ என்ற முழுச்சொல் இருந்தது. நிறுவனமே ஒருங்கிணைப்பு என்று பெயரை மாற்றியும் ஊர் வாயில் ஸ்லிப்ஸ்ட்ரீம்தான் நிலைத்தது.

ஆக, தயாரிப்பவர் ரகசியமாகச் செய்த வேலைக்கு ஏற்பட்ட பெயர், பயன்படுத்துபவர் வெளிப்படையாகச் செய்துகொள்ளும் முன்னேற்பாட்டுக்குப் பெயராகிவிட்டது. தமிழில் இதற்குச் சொல் அமைப்பவர்கள் பழைய பொருளைப் பிடித்துக்கொண்டு தடுமாறுவது இங்கேதான்.

சர்வீஸ் பேக்கைக் கலப்பது ஒரு வசதி, அவ்வளவே. ஹார்ட் டிஸ்கைக் கணினியோடு இணைக்கும் சில்லான சேமிப்பகக் கட்டுப்படுத்தியின் இயக்கியைக் கலப்பதோ சில கணினிகளில் தவிர்க்கவே முடியாத தேவையாக இருந்தது. அதற்குக் காரணம் காலவரிசை. எக்ஸ்பி வெளிவந்தது 2001இல். அது பிறந்த உலகில் ஹார்ட் டிஸ்க் என்றால் பெரும்பாலும் பட்டையான கேபிள் கொண்ட ஐடிஇ வகைதான். அதற்குப் பின் வந்த சாட்டா வகை வட்டுகளைக் கையாளும் ஏஹெச்சிஐ என்ற முறைக்கு விதிகள் வகுக்கப்பட்டது 2004இல். அதன் பிறகு வந்த தாய்ப்பலகைகளின் கட்டுப்படுத்தியிடம் எப்படிப் பேசுவது என்று எக்ஸ்பியின் நிறுவல் வட்டுக்குத் தெரியாது. விளைவு: ‘உங்கள் கணினியில் ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை’ என்று நிறுவல் நிரலான நிறுவி கையை விரிக்கும். அல்லது நீலத்திரை வந்து, துவக்க வட்டை அணுக முடியவில்லை என்பதற்கான 7பி என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும். புத்தம் புதிய ஹார்ட் டிஸ்க் பழுது என்று எண்ணிக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்கள் உண்டு.

ஹார்ட் டிஸ்க் நன்றாக இருக்கிறது, தாய்ப்பலகையிலேயே உறையும் துவக்க மென்பொருளான பயாஸின் திரையில் அதன் பெயரும் கொள்ளளவும் தெரிகின்றன. பிறகு விண்டோஸுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? கணினி விழித்த முதல் சில நொடிகளில் வட்டைப் படித்துக்கொடுப்பது பயாஸ். விண்டோஸின் மையப் பகுதியான கர்னல் பொறுப்பேற்றுக்கொண்டதும் பயாஸின் உதவியைக் கைவிட்டு, தன் சொந்த இயக்கி வழியாகவே வட்டை அணுகும். அந்த இயக்கி இல்லையென்றால் அந்த நொடியே பார்வை போய்விடும். ‘நிறுவி முடித்துவிட்டு இயக்கியைப் போட்டுக்கொள்ளலாமே’ என்றால், நிறுவுவதற்கே அந்த வட்டு வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். ஒலிக்கோ அச்சுப்பொறிக்கோ உரிய இயக்கிகளில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. சேமிப்பகக் கட்டுப்படுத்திக்கு மட்டும் தனிச் சடங்கு தேவைப்பட்டதற்கு இதுவே காரணம்.

மைக்ரோசாப்ட் வைத்திருந்த அதிகாரபூர்வமான வழி, எஃப்6 விசை. நிறுவல் தொடங்கியதும் திரையின் அடியில் ஒரு வரி சில நொடிகள் வந்து போகும். அதற்குள் எஃப்6ஐ அழுத்தி, பிறகு இயக்கி உள்ள நெகிழ்வட்டை, நாம் ஃப்ளாப்பி என்போமே அதை, ‘ஏ’ டிரைவில் செருக வேண்டும். 1.44 எம்பி கொள்ளளவுள்ள அந்தச் சதுரத் தகட்டைப் படிக்கும் கருவி, ஏஹெச்சிஐ கட்டுப்படுத்தியோடு வந்த மடிக்கணினிகளில் கிடையாது. புதிய வன்பொருளைச் சேர்க்க, வழக்கொழிந்த வன்பொருளைத் தேடி அலைய வேண்டிய நிலை! யூஎஸ்பி ஃப்ளாப்பி கருவிகளிலும் குறிப்பிட்ட சிலவற்றைத்தான் எக்ஸ்பி ஏற்றுக்கொண்டது. பயாஸில் ஐடிஇ முறைக்கு மாற்றிவைத்துத் தப்பிக்கலாம். ஆனால் எல்லா மடிக்கணினிகளிலும் அந்தத் தெரிவு இருக்கவில்லை. மிச்சமிருந்த வழி, இயக்கியை நிறுவல் வட்டுக்குள்ளேயே சேர்த்துவிடுவது.

கையால் செய்தால் இதில் நுணுக்கம் அதிகம். எக்ஸ்பி நிறுவல் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் நீலப் பின்னணியில் எழுத்துகள் மட்டும் ஓடுவது உரைக் கட்டம். சுட்டியோடு சன்னல்கள் வருவது வரைகலைக் கட்டம். சேமிப்பக இயக்கி உரைக் கட்டத்திலேயே கிடைத்தாக வேண்டும். அதற்காக, நிறுவல் கோப்புகள் இருக்கும் ஐ386 கோப்புறையில் இயக்கிக் கோப்பை வைத்தால் மட்டும் போதாது, டெக்ஸ்ட்செட்டப்.சிஃப் என்ற பட்டியல் கோப்பில் அதன் பெயரையும், எந்தக் கட்டுப்படுத்திக்கு உரியது என்ற அடையாள எண்ணையும் எழுத வேண்டும். அந்த எண்ணின் முதற்பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும். ஏஎம்டிக்கு 1022, இன்டெலுக்கு 8086, அதாவது 1978இல் அது வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் எண்ணேதான். இரண்டாம் பாதி சில்லின் வகை. அதில் ஓர் எழுத்து மாறினாலும் இயக்கி கண்டுகொள்ளாது. இந்தத் தலைவலியை எல்லாம் தாங்கிக்கொண்ட இலவசக் கருவிதான் என்லைட். இயக்கியைச் சேர்க்கும்போது அது உரைக் கட்டத்துக்கா, சாதாரண வகையா என்று கேட்கும். பலர் சறுக்கியது அந்தக் கேள்வியில்தான். சாதாரண வகையைத் தேர்ந்தெடுத்தால் இயக்கி வட்டில் இருக்கும். ஆனால் வேண்டிய நேரத்தில் கிடைக்காது. பார்ப்பதற்கு எல்லாம் சரியாக முடிந்தது போலவே இருக்கும், 7பி வரும்வரை.

ஒரு பக்கக் குறிப்பு: வேறு யாரோ இயக்கி ஏற்றிக் கொடுத்த பெயர் தெரியாத வட்டுகளை நான் நம்புவதில்லை. இயக்கியை நுழைத்தவர் வேறு எதை நுழைத்தார் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது.

எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து கதை மாறியது. நிறுவியே ஒரு குட்டி விண்டோஸாக ஓடத் தொடங்கியதால், ‘இயக்கியை ஏற்று’ என்ற பொத்தானை அழுத்திப் பென் டிரைவிலிருந்து இயக்கியைக் கொடுக்கலாம். முன்கூட்டியே சேர்க்க விரும்புபவர்கள் விண்டோஸ் 7 காலத்திலிருந்து டிஸ்ம் என்ற கட்டளையைப் பயன்படுத்துகிறார்கள். இங்கேயும் கோப்புகளை ஒன்றாகத் தொகுத்துவைத்த படிமங்கள் என இரண்டு இடங்கள்: நிறுவிக்கு வட்டு தெரிய பூட்.விம் படிமத்திலும், நிறுவிய விண்டோஸ் எழுந்து நிற்க இன்ஸ்டால்.விம் படிமத்திலும் சேர்க்க வேண்டும். பழைய சிக்கலும் புது உருவில் திரும்பிக்கொண்டே இருக்கிறது. 2009இல் வந்த விண்டோஸ் 7க்கு என்விஎம்இ வகைச் சேமிப்பகம் தெரியாது. பின்னாளில் வந்த திருத்தத்தைப் படிமத்தில் சேர்த்தால்தான் தெரியும். இன்டெலின் 11ஆம் தலைமுறைச் செயலி கொண்ட மடிக்கணினிகள் பலவற்றில் விஎம்டி என்ற கட்டுப்படுத்தி இயங்கும் நிலையில் இருந்தால், விண்டோஸ் 10 நிறுவி ‘வட்டு எதுவும் இல்லை’ என்று பழைய பல்லவியையே பாடும். லினக்ஸில் பெரும்பாலான இயக்கிகள் கர்னலோடு வந்துவிடுகின்றன; மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைக் கிளை உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதன் தாயான டெபியனும் அப்படித்தான். துவக்கத்துக்கு வேண்டியவை இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொடக்கப் படிமத்துக்குள் போய்விடுவதால், அங்கே ஸ்லிப்ஸ்ட்ரீம் என்ற பேச்சு அரிது.

இனி தமிழ். இயங்குதளம், நிறுவல், சேமிப்பகக் கட்டுப்படுத்தி ஆகிய மூன்றும் நன்றாகப் புழங்குகின்றன, தொட வேண்டாம். வண்டிக்கு ஓட்டுநர், கணினிக்கு இயக்கி என்று ‘டிரைவர்’ இரண்டாகப் பிரிந்ததும் நல்லதே. இலங்கைத் தமிழர் வண்டிக்குச் சாரதி என்பார்கள். அவர்களுக்குக் குழப்பம் இன்னும் குறைவு. ஆனால் இயக்கி என்பது முற்றிலும் புதுச்சொல் அல்ல. சிலப்பதிகாரத்தில் மாதரி பால்மடை கொடுத்து வழிபடுவது ‘பூங்கண் இயக்கி’யை, தென் மாவட்டங்களில் இன்றும் வணங்கப்படும் இசக்கியம்மனின் பெயர் அதன் வழி வந்தது. அந்த இயக்கி யட்சியிலிருந்து வந்தவள், இந்த இயக்கி இயக்குவதிலிருந்து வந்தது. வடிவம் ஒன்று, பிறப்பு வேறு.

‘வட்டு’க்கு வயது இன்னும் தெளிவு. ‘அரங்கின்றி வட்டாடி யற்றே’ என்று 401ஆம் குறளில் வருவது, கட்டம் வரைந்து ஆடும் விளையாட்டின் காய். வட்ட வடிவத்தால் அமைந்த பெயர் குறுவட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. இப்போது நிறுவல் ‘வட்டு’ பெரும்பாலும் நீள்சதுரப் பென் டிரைவாக இருக்கிறது. இருந்தாலும் மாற்ற வேண்டியதில்லை. ஆங்கிலத்திலும் அவர்கள் மாற்றவில்லை.

ஸ்லிப்ஸ்ட்ரீமுக்கு ‘ஒருங்கிணைத்தல்’ என்றால் தவறில்லை, ஆனால் எதற்கெல்லாமோ அந்தச் சொல் ஓடித் தேய்ந்துவிட்டது. ‘உட்பொதித்தல்’ காணொளியைப் பக்கத்தில் பதிப்பதற்குப் போய்விட்டது. ‘இடைச்செருகல்’ என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்தது, பிடித்தும் தள்ளுகிறேன். ஏடு பெயர்த்து எழுதியவர் மூல ஆசிரியர் பெயரிலேயே தம் பாட்டை நுழைத்துவிடுவது இடைச்செருகல். பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூலகத்துச் சுவடிகளோடு பழகியவர்களுக்கு அந்தச் சொல்லில் இருக்கும் குற்றச்சாட்டு உறைக்கும். பதிப்பு எண் மாறாமல் நிறுவனங்கள் செய்த பழைய வேலைக்கு அது அப்படியே பொருந்தும். தன் வட்டில் தானே இயக்கி சேர்ப்பவர் யாரையும் ஏமாற்றவில்லையே.

என் தேர்வு ‘முன்னிணைப்பு’. நூலின் இறுதியில் சேர்ப்பதைப் பின்னிணைப்பு என்று எல்லோரும் அறிந்திருப்பதால், இதன் பொருள் கேட்டவுடன் பிடிபடும். நிறுவலுக்கு முன்பே சேர்த்தாக வேண்டும் என்ற உயிர்நாடியும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வினையாக்கினால் முன்னிணை, முன்னிணைத்தான். ‘சாட்டா இயக்கி முன்னிணைத்த எக்ஸ்பி வட்டு’, ‘விஎம்டி இயக்கியைப் பூட்.விம் படிமத்தில் முன்னிணைக்கவும்’ என்றெல்லாம் தடையின்றி எழுதலாம். எஃப்6 அழுத்தி ஃப்ளாப்பியில் கொடுப்பதையும் ‘இயக்கியை ஏற்று’ பொத்தானையும் இச்சொல்லால் குறிக்கக் கூடாது. அவை நிறுவலின்போது ஏற்றுவது, அவற்றுக்கு ‘ஏற்றுதல்’ என்பதே போதும். பேச்சில் ‘டிரைவர் ஏற்றிய சிடி’ என்பவர்களைத் திருத்தவும் வேண்டாம்.