உப்பில் நிற்குமா அந்தப் பை?

பள்ளித் துணிப்பொருள் திட்டத்துக்காகப் பிள்ளைகள் செய்துவரும் பைகள் பல, கையில் தூக்கியதுமே உண்மையைச் சொல்லிவிடும். முகப்பில் கண்ணாடி பதித்து, மயில் வரைந்து, ஓரத்தில் குஞ்சம் கட்டியிருக்கும். உள்ளே இரண்டு கிலோ அரிசியை வைத்தால் கைப்பிடி ஒரு பக்கம் பிய்ந்து வரும். நனைத்தால் சிவப்பு நூலின் சாயம் வெள்ளைத் துணியில் இறங்கும். தையல் சரியாக வராத பிள்ளைக்குத்தான் இப்படி ஆகும் என்று நினைக்க வேண்டாம். நன்றாகத் தைக்கிற பிள்ளைக்கும் ஆகிறது. யார் தூக்குவார், எதை வைப்பார், எங்கே தொங்கவிடுவார் என்று பார்க்காமலே படம் வரைய உட்கார்ந்துவிடுவதுதான் காரணம்.

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை என்று நீளும் இந்த ராமநாதபுரம் மாவட்டக் கரையில், ஆசிரியருக்கு முன்பே உப்பும் ஈரமும் வெயிலும் மார்க் போட்டுவிடும். அதனால் இங்கே செய்யும் திட்டத்துக்கு இங்கேயே இருக்கும் ஒரு சிக்கலைப் பிடிப்பது நல்லது. மீன் வாங்கப் போகும் பையை எடுத்துக்கொள்வோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. அரிசி, காய்க்கு மஞ்சப்பை போதும். மீனுக்குப் போதாது, தண்ணீர் சொட்டும், வாடை ஏறும், செதில் ஒட்டும். மீன் கடையில் பாலித்தீன் இன்னும் ஒழியாததற்கு அது ஒரு காரணம். தீர்வு தேடும் மாணவருக்கு அதுவே நல்ல தொடக்கம்.

முதல் வேலை சந்தையில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது, சந்தை இளைத்திருக்கும். பள்ளி திறந்து ஜூன் கடைசியில் போனால் முழுச் சந்தையைப் பார்க்கலாம். மீன் வாங்க வரும் பத்துப் பேரைக் கவனியுங்கள். "இப்படி ஒரு பை தைத்தால் வாங்குவீர்களா அக்கா?" என்று கேட்காதீர்கள். பிள்ளை முகம் வாடக் கூடாதென்று எல்லோருமே "வாங்குவேன்மா" என்றுதான் சொல்வார்கள். "இப்ப வச்சிருக்கிற பையைக் காட்டுங்க அக்கா, எங்கே கிழிஞ்சிருக்கு?" என்று கேளுங்கள். கிழிந்த இடத்தை அளந்து, படம் எடுத்து, தேதியோடு நோட்டில் ஒட்டுங்கள். பெரும்பாலும் கைப்பிடி சேரும் இடமும் அடி மூலையும்தான் முதலில் போகும்.

பிறகு, அளக்கக்கூடிய வார்த்தைகளில் தேவையை எழுதுங்கள். நாம் தைக்கப்போவது துணியில் ஒரு வெளிப்பை, அதற்குள் கழற்றக்கூடிய, தண்ணீர் தாங்கும் ஓர் உள்பை. "உறுதியான, அழகான பை" என்பதை வைத்து எதையும் சோதிக்க முடியாது. "5 கிலோ எடையை ஒரு நாள் முழுக்கத் தாங்கும், உள்ளே ஒரு லிட்டர் தண்ணீர் விட்டால் அரை மணி நேரத்துக்கு ஒழுகாது, உள்பையைத் தனியே கழற்றிக் கழுவலாம், உப்புநீரில் துருப்பிடிக்கும் எதுவும் இல்லை" என்று எழுதினால், கடைசியில் ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று பதில் கிடைக்கும். மேல்மட்டச் செலவையும் இங்கேயே குறித்துவிடுங்கள். தடைக்காலம் முடிந்து வீடுகள் நிமிர்ந்துகொண்டிருக்கும் மாதத்தில் விலையுயர்ந்த துணி கேட்டு எந்தப் பிள்ளையும் வீட்டில் நிற்கக் கூடாது.

நாட்கணக்கு முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மாதங்களில் கனத்த துணி முழுதாகக் காயாது. ஈரத்தோடு மடித்து வைத்தால் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் ஏறும், பிறகு எதைப் போட்டுத் துவைத்தாலும் லேசில் போகாது. ஆகவே துணி அலசுவதும் சாயம் ஏற்றுவதும் ஆகஸ்டுக்குள் முடிய வேண்டும். வெட்டுவதும் தைப்பதும் செப்டம்பரில். மழை மாதங்களை நோட்டு எழுதவும் சின்னத் திருத்தங்களுக்கும் விட்டுவிடலாம். செய்முறைத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு மிஷினில் உட்காருபவர்கள்தான் கடைசியில் அம்மாவிடமோ டெய்லர் கடையிலோ கொடுத்துத் தைத்து வாங்குகிறார்கள். "இந்த இடத்தில் ஏன் இரட்டைத் தையல்?" என்று தேர்வாளர் கேட்கும்போது அந்தப் பிள்ளை வாயடைத்து நிற்பதைப் பார்ப்பது வேதனை.

இனித் துணி. வெளிப்பைக்குக் கனமான காடா துணியோ மெல்லிய கேன்வாஸோ போதும். முடிந்த பை 38 செ.மீ. உயரம், 35 செ.மீ. அகலம், 12 செ.மீ. அடிப்பகுதி என்று வைத்துக்கொண்டால், உடல் துண்டு 50 × 96 செ.மீ. வரும். கணக்கு இதுதான்: அகலத்துக்கு 35 + 12, தையலுக்கு இருபுறமும் ஒன்றரை, நீளத்துக்கு 38 இரண்டு தடவை, அடிக்கு 12, வாய் மடிப்புக்கு இருபுறமும் நான்கு. 36 அங்குல அகலத் துணியில் ஒரு மீட்டர் வாங்கினால் போதும் என்று தோன்றும். போதாது. துவைக்காத பருத்தித் துணி சுருங்கும். 5 சதவீதம் சுருங்கினாலே ஒரு மீட்டர் 95 செ.மீ. ஆகிவிடும், உடல் துண்டுக்கு ஒரு செ.மீ. குறையும். ஒன்றரை மீட்டராக வாங்குங்கள். மிச்சம் சோதனைத் துண்டுகளுக்கு வேண்டியிருக்கும்.

எவ்வளவு சுருங்கும் என்று அறிய, வெட்டுமுன் துணியில் 50 செ.மீ. சதுரம் ஒன்றை அழியாத பேனாவால் குறியுங்கள். ஓர் இரவு ஊறவைத்துக் கஞ்சி போகச் சோப்பில் அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டு, பாவு வாக்கிலும் (நீளவாட்டு நூல்) ஊடை வாக்கிலும் (குறுக்கு நூல்) தனித்தனியே அளங்கள். இரண்டும் ஒரே அளவில் சுருங்காது. 47.5 வந்தால் 5 சதவீதம்.

தண்ணீரைப் பற்றி இங்கே தனியாகச் சொல்லியாக வேண்டும். கரையோரத்துப் போர் தண்ணீர் பல ஊர்களில் உப்பு. அதில் சோப்பு நுரைக்காது, வெள்ளைப் படிவு துணியிலேயே உட்காரும், அதன்மேல் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். கடைசி அலசலுக்கும் சாயத்துக்கும் மழைநீரோ காவிரிக் குடிநீரோ எடுங்கள். இயற்கைச் சாயம் போடுவதாக இருந்தால், உலர்ந்த துணியின் எடையை வைத்தே எல்லா அளவும். 400 கிராம் துணிக்குக் கடுக்காய்ப் பொடி 80 கிராம், படிகாரம் 60 கிராம். முதலில் கடுக்காய் நீரில் ஊறவைத்துப் பிழிந்து காயவிட்டு, பிறகு படிகாரம். இரும்புச் சட்டியைத் தொடவே வேண்டாம். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் துணி கறுத்துவிடும். சில்வர் பாத்திரம் சரி. இம்பூறல் எனும் சாயவேர் கடலோர மணலில் தானே முளைப்பது. சோழமண்டலக் கரைத் துணிகளுக்கு ஒருகாலத்தில் சிவப்புத் தந்தது. படிகாரம் ஏறிய பருத்தியில்தான் அந்தச் சிவப்பு நிற்கும். நோட்டில் அதை எழுதுங்கள், ஒரு திட்டத்துக்காகச் செடியைத் தேடிப் பிடுங்க வேண்டாம்.

பரமக்குடி, எமனேசுவரம் கைத்தறித் துணியை அலங்காரத்துக்குச் சேர்க்க ஆசைப்பட்டால் நல்லதுதான். ஆனால் அந்த மெல்லிய பருத்தியும் காடாவும் வேறுவேறு அளவில் சுருங்கும். துவைக்காமல் சேர்த்துத் தைத்தால் முதல் சலவையிலேயே பாக்கெட் சுருட்டிக்கொள்ளும். இரண்டையும் முன்பே அலசிவிடுங்கள்.

உள்பையில்தான் மூளைக்கு வேலை. மழைக்கோட்டுத் துணி, அதாவது ஒரு பக்கம் பூச்சுப் பூசிய நைலான், தண்ணீரைத் தாங்கும். ஊசி போட்ட துளை தாங்காது. அடியிலும் பக்கத்திலும் தைத்து உள்பை செய்தவர்கள் எல்லோரும் ஒழுகுகிறது என்றுதான் வருவார்கள். பதநீர் குடிக்க மடிக்கும் பனையோலைப் பட்டையை நினைத்துப் பாருங்கள். அதில் ஒரு தையலும் கிடையாது, மடிப்பு மட்டும்தான். அதே வழி இங்கேயும். 17 செ.மீ. உயர உள்பைக்கு 73 × 50 செ.மீ. துண்டு ஒன்று வெட்டுங்கள். சுற்றிலும் 2 செ.மீ. விளிம்பு மடிப்பு போனால் 69 × 46. நடுவில் 35 × 12 செ.மீ. அடியைக் குறித்து நான்கு சுவரையும் தூக்கினால் மூலைகளில் முக்கோணக் காது வரும். காதை வெட்டாமல் அகலச் சுவர்மீது மடக்கி, மேல் விளிம்பில் மட்டும் தையுங்கள். ஒவ்வொரு காதும் 17 செ.மீ., இரண்டும் சேர்ந்து 34, 35 செ.மீ. சுவரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடங்கும். உயரம் 17 என்று வைத்ததே அதற்காகத்தான். முதலில் செய்தித்தாளில் மடித்துப் பாருங்கள், பிறகு பழைய வேட்டியில்.

இந்தத் துணியில் குண்டூசி குத்தினால் ஓட்டை நிரந்தரம். துணி காயப்போடும் கிளிப்பால் பிடித்துக்கொள்ளுங்கள். மிஷின் பாதத்தில் பூச்சு ஒட்டி நகராமல் நின்றால் மேலே ஒரு பட்டர் பேப்பர் வைத்துத் தைத்துப் பிறகு கிழித்துவிடலாம். சூடான இஸ்திரிப் பெட்டி கிட்டவே வரக் கூடாது.

உள்பையை வெளிப்பையோடு இணைக்கப் பருத்தி நாடா நான்கு ஜோடி போதும். இரும்பு பிரஸ் பட்டன், காந்தப் பட்டன், ஹூக் எல்லாம் உப்புநீரில் துருப்பிடித்துத் துணியில் பழுப்புக் கறை விடும். வெல்க்ரோ துருப்பிடிக்காது, ஆனால் மீன் செதில் அதன் முள்ளில் மாட்டி வாடை தங்கும். ஜிப் வைத்தே ஆகவேண்டுமென்றால் பிளாஸ்டிக் பல் ஜிப். நூல் எப்போதும் பாலியெஸ்டர். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும், நைலான் நூல் வெயிலில் பலம் இழக்கும்.

தைக்கும் வரிசையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். எம்ப்ராய்டரி, பாக்கெட், கைப்பிடி மூன்றும் உடல் துண்டு விரிந்து கிடக்கும்போதே முடிய வேண்டும். பக்கங்களை மூட்டியபின் எம்ப்ராய்டரி வளையம் உள்ளே நுழையாது. கைப்பிடிக்கு 10 செ.மீ. அகலம், 65 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டை வெட்டி, நான்காக மடித்து இரண்டரை செ.மீ. ஆக்குங்கள். வாயை ஒரு செ.மீ., பிறகு மூன்று செ.மீ. என மடித்து, கைப்பிடி நுனியை அந்த மடிப்புக்குள் செருகி, கட்டம் போட்டு நடுவில் பெருக்கல் குறியாகத் தையுங்கள். அங்கே துணி ஏழு அடுக்கு வரை சேரும். வீட்டு மிஷினில் மிதித்து ஓட்டினால் தையல் விட்டுவிடும், ஊசியும் ஒடியும். சின்னச் சுத்தியலால் மடிப்பைத் தட்டித் தட்டையாக்கி, 18 நம்பர் ஊசி போட்டு, சக்கரத்தைக் கையால் திருப்பிக் கடத்துங்கள். மற்ற இடங்களுக்கு 16 நம்பர், அங்குலத்துக்கு எட்டுத் தையல். நெருக்கமாகத் தைத்தால் பலம் கூடும் என்று நினைப்பது தவறு. துளைகள் நெருங்கி, தபால்தலை கிழிவதுபோல வரிசையாகக் கிழியும்.

பக்கங்களுக்கு இரட்டை மூட்டு. நல்ல பக்கம் வெளியே இருக்க அரை செ.மீ.யில் ஒரு தையல், திருப்பி ஒரு செ.மீ.யில் இன்னொன்று, பிசிர் உள்ளே அடங்கிவிடும். அடி மூலையைக் கூம்பாக மடித்து, நுனியிலிருந்து 6 செ.மீ. தள்ளிக் குறுக்கே தைத்தால் 12 செ.மீ. அடி கிடைக்கும். கூம்பை வெட்டி எறியாமல் பக்கத் தையலோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். கடற்கரை வீட்டு மிஷினில் ஊசித் தட்டும் பாபின் கேஸும் சீக்கிரம் துருப்பிடிக்கும். தொடங்குமுன் எண்ணெய் விட்டுக் கழிவுத் துணியில் பத்து வரி ஓட்டி, பழைய எண்ணெய்க் கறை வருவது நின்றபின் நல்ல துணியை வையுங்கள்.

சோதனைக்கு நேரம் ஒதுக்காத திட்டம் முடிந்த திட்டமே அல்ல. 5 கிலோ அரிசியை உள்ளே வைத்து ஆணியில் ஒரு நாள் தொங்கவிட்டு, கைப்பிடித் தையலைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். உள்பையில் ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு, கீழே செய்தித்தாள் விரித்து அரை மணி நேரம் காத்திருங்கள். தையல் போட்ட துண்டு ஒன்றைக் கடல்நீரில் நனைத்து வெயிலில் காயவைப்பதைப் பத்து முறை செய்து, நனையாத துண்டோடு சேர்த்து நோட்டில் ஒட்டுங்கள். உப்பு காய்ந்த துணி காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி பிசுபிசுக்கும். நல்ல தண்ணீரில் அலச வேண்டும் என்ற பராமரிப்புக் குறிப்பு அங்கிருந்துதான் வரும். ஒழுகினால் ஒழுகியதென்றே எழுதுங்கள். ஒழுகிய படமும் மாற்றியபின் எடுத்த படமும் பக்கம் பக்கமாக இருக்கும் நோட்டைத்தான் தேர்வாளர் நின்று படிப்பார்.

எல்லாம் முடிந்ததும், ஜூனில் கிழிந்த பையைக் காட்டிய அக்கா ஒருவரிடமே இந்தப் பையைக் கொடுத்து இரண்டு வாரம் மீன் வாங்கச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது கழுவாமலே வாங்குங்கள். செதில் எந்த மடிப்பில் தங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.