வறுமையைக் குறைக்க அரசுக்கே கெடு: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணச் சட்டம்

வறுமைக் குறைப்புச் சட்டம் என்றதும் பலரும் முதலில் கேட்பது, "இதால் எனக்கு மாதம் எவ்வளவு வரும்?" என்பதுதான். நேரடியாக ஒரு சதமும் வராது. சட்டம் கட்டளையிடுவது மாகாண அரசுக்கு: திட்டம் போடு, எத்தனை பேரை எப்போதுக்குள் வறுமையிலிருந்து மீட்பாய் என்று சொல், ஆண்டுதோறும் கணக்குக் காட்டு.

கனடாவில் இப்படிப்பட்ட சட்டத்தை கியூபெக் 2002இலும் ஒன்ராறியோ 2009இலும் நிறைவேற்றின. வறுமைக் குறைப்புத் திட்டமே இல்லாமல் கடைசிவரை நின்ற மாகாணம் பிரிட்டிஷ் கொலம்பியா. அங்கே என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) எதிர்க்கட்சியாக இருந்தபோது அதன் உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில் கொண்டுவந்த சட்டமூலங்கள் நிறைவேறவில்லை. 2017இல் அந்தக் கட்சியே ஆட்சிக்கு வந்தது. 2018 ஒக்டோபரில் அமைச்சர் ஷேன் சிம்ப்சன் சட்டமூலம் 39ஐ முன்வைத்தார். அதே ஆண்டு அது சட்டமானது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, இலக்கு எண்ணாகவே சட்டத்துக்குள் எழுதப்பட்டிருப்பது. 2016இல் அங்கே வறுமையில் இருந்தவர்கள் 557,000 பேர்; அதில் 99,000 பேர் பிள்ளைகள். ஐந்து ஆண்டுகளில் மொத்த வறுமையை 25 சதவீதமும், பிள்ளைகளின் வறுமையை 50 சதவீதமும் குறைக்க வேண்டும் என்றது சட்டம். ஒன்ராறியோச் சட்டமும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது புதிய திட்டமும் இலக்கும் கேட்கிறது, ஆனால் எண்ணை அரசின் கையில் விட்டுவிடுகிறது. சட்டத்தில் இருக்கும் எண்ணைச் சத்தமில்லாமல் மாற்ற முடியாது. சட்டமன்றத்துக்கு வந்து, எல்லோர் முன்னிலையிலும் விவாதித்துத்தான் திருத்த வேண்டும். 2024இல் அப்படித்தான் திருத்தினார்கள். புதிய இலக்கு 2034க்கானது: 2016ஐ விட மொத்த வறுமை 60, பிள்ளைகள் வறுமை 75, முதியோர் வறுமை 50 சதவீதம் குறைய வேண்டும்.

சரி, யார் ஏழை என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? சாப்பாடு, உடுப்பு, வாடகை, போக்குவரத்து, மற்ற அத்தியாவசியச் செலவுகள் எல்லாவற்றுக்கும் அந்த ஊரில் என்ன விலை என்று கூட்டுகிறார்கள். அந்தத் தொகைதான் வறுமைக் கோடு; அதற்குக் கீழே வருமானம் இருந்தால் வறுமை. அப்போதைய கணக்கில் நான்கு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 40,000 டொலர், தனி ஆளுக்குச் சுமார் 20,000. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: முதற்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட ரிசேர்வ் நிலப்பகுதிகள் இந்தக் கணக்கெடுப்பில் சேர்வதில்லை. வறுமை கடுமையாக இருக்கும் பல இடங்கள் எண்ணிக்கைக்கு வெளியே நிற்கின்றன.

தலைகளை எண்ணுவதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 2019இல் வெல்ஃபெயர் (அரசின் வாழ்வாதார உதவித்தொகை) எடுத்த தனி ஆளுக்கு, அந்த ஆண்டு கூட்டிய 50 டொலரையும் சேர்த்து, மாதம் 760 டொலர் கிடைத்தது. ஆண்டுக்கு 9,120. வறுமைக் கோட்டில் பாதிகூட இல்லை. இன்னும் 200 டொலர் கூட்டிக் கொடுத்தாலும் அவர் கோட்டைத் தாண்டமாட்டார். அறிக்கையில் எண்ணும் அசையாது. கோட்டுக்குச் சற்றுக் கீழே இருப்பவரை மேலே தூக்குவதுதான் அரசுக்குச் சுலபம். மிகவும் அடியில் கிடப்பவர் பின்தள்ளப்பட்டுவிடக் கூடாது என்பதுதான் என் பெரிய கவலை. வெல்ஃபெயர் தொகை எவ்வளவு இருக்க வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. இலக்குத் தவறினால் அரசுக்குத் தண்டனையும் கிடையாது. ஒன்ராறியோவின் முதல் திட்டம் ஐந்து ஆண்டுகளில் பிள்ளைகளின் வறுமையை 25 சதவீதம் குறைப்போம் என்றது; அது எட்டப்படவில்லை.

அப்படியானால் நம் கையில் என்ன இருக்கிறது? பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆண்டறிக்கை ஒக்டோபர் 1க்குள் வெளியாக வேண்டும். அதை வைத்துக்கொண்டு உங்கள் தொகுதி உறுப்பினரிடம் நேரடியாகக் கேட்கலாம். திட்டம் யார் யாரை மனதில் வைத்துப் போடப்பட வேண்டும் என்ற பட்டியலில் குடிவரவாளர்கள், அகதிகள், வேலை செய்தும் வறுமையில் இருப்பவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். ஒன்ராறியோவில், அதாவது நம்மவர்கள் மிக அதிகமாக வாழும் மாகாணத்தில், புதிய திட்டத்துக்கு முன் வறுமையில் வாழ்பவர்களிடமும் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அழைப்பு வரும்போது போய், உங்கள் வாடகை எவ்வளவு, அதைக் கட்டிய பிறகு சாப்பாட்டுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று எண்ணோடு சொல்லுங்கள்.