பரோக் என்றால் ஆடம்பரமா?

மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்புப் பயணக் கட்டுரையில், தென்ஜெர்மனியின் ஸ்டைன்ஹவுசன் என்னும் சிற்றூரில் உள்ள கோயிலைப் பற்றி, ‘ஆடம்பரப் பாணியில் கட்டப்பட்ட கிராமத் தேவாலயம்’ என்று ஒரு வரி இருந்தது. மூலத்தில் இருந்த சொல் ‘பரோக்’; ஐரோப்பாவில் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் வழங்கிய ஒரு கலைமுறையின் பெயர். இதே மொழிபெயர்ப்பைக் காணொளி விளக்கங்களிலும் சுற்றுலாக் குறிப்புகளிலும் பலமுறை கண்டு கடந்திருக்கிறேன். இம்முறை கடக்க முடியவில்லை. ஏனெனில் அந்தக் கோயிலுக்கு இதைவிடப் பொருந்தாத ஒரு சொல்லைத் தேடிப் பிடிப்பது கடினம்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போர்த்துக்கீசிய மொழியில் ‘பர்ரோக்கோ’ என்பது உருண்டு திரளாத, வடிவம் கோணிய முத்தின் பெயர். தருக்க நூலார் மனப்பாடத்துக்காக வைத்திருந்த ‘பரோக்கோ’ என்னும் குறியீட்டுச் சொல்லிலிருந்து வந்தது என்போரும் உண்டு. முத்திலிருந்து வந்தது என்பதையே பெரும்பாலோர் ஏற்கின்றனர். 1694-இல் வெளிவந்த பிரெஞ்சுக் கழக அகராதி, முழு வட்டமாக இல்லாத முத்துக்கே இச்சொல்லை உரியதாக்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் இது கலையை ஏளனம் செய்யும் வசைச்சொல்லாயிற்று. 1888-இல் கலை வரலாற்றாசிரியர் ஹைன்ரிஷ் வோல்ஃப்லின் எழுதிய நூலுக்குப் பிறகே, வசை நீங்கி, ஒரு காலத்தின் கலைமுறையைக் குறிக்கும் பெயராக இது நிலைபெற்றது.

முத்து என்றதும் சிலர் ‘கோணல்முத்துக் கலை’ என்று ஆக்கிவிடுகிறார்கள். முத்தின் வகைகளுக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சமே இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என்று ஒவ்வொன்றையும் பிரித்து எழுதி வைத்திருக்கின்றன. ஆகவே ‘பர்ரோக்கோ’வுக்கு இணையாகக் கறட்டுமுத்து என்று சொல்ல வழியிருக்கிறது. ஆனால் வேர்ச்சொல்லின் பொருள் வேறு, இன்று அச்சொல் குறிக்கும் பொருள் வேறு. நூற்றாண்டுக்கு மேலாக வசை நீங்கி வழங்கும் சொல்லுக்குத் தமிழில் மட்டும் ‘கோணல்’ என்ற பழைய வசையைத் திரும்பப் பூட்டுவது முறையன்று.

‘ஆடம்பரம்’ இதைவிடப் பெரிய பிழை. கோணல் என்றவராவது வடிவத்தைப் பற்றித்தான் பேசினார். ஆடம்பரம் என்ற சொல் செலவையும் பகட்டையும் செய்தவரின் மனப்பான்மையையும் பற்றியது. ஆடம்பரத் திருமணம், ஆடம்பர வரி, ஆடம்பரக் கார் என்று நாளும் வழங்கும் சொல், கேட்பவர் மனத்தில் முதலில் எழுப்புவது ‘தேவைக்கு மேல்’ என்ற தீர்ப்பு. ஒரு கட்டடத்தின் சுவர் எப்படி வளைகிறது, ஒளி எங்கிருந்து வருகிறது என்பது பற்றி அது எதையும் சொல்லாது.

ஸ்டைன்ஹவுசன் கோயிலையே எடுத்துக்கொள்வோம். மடியில் மகனின் உடலைக் கிடத்திய வியாகுல அன்னையின் பழைய சிலை ஒன்றை வணங்க அவ்வூருக்குப் பயணிகள் வந்துகொண்டிருந்தனர். அவர்களுக்காக ஷுசென்ரீட் மடத்துத் துறவியர் எடுப்பித்த இக்கோயில், இராயப்பர் (பேதுரு), சின்னப்பர் (பவுல்) பெயரால் அமைந்தது. 1728-இல் பணி தொடங்கி 1733-இல் நிறைவுற்றது. கட்டியவர் டொமினிக்குஸ் சிம்மர்மன். விதானத்தில் தீட்டியவர் அவருடைய அண்ணன் யோஹான் பாப்டிஸ்ட் சிம்மர்மன். இருவரும் வெஸ்ஸோபுருன் பகுதியின் சுதைவேலைக் குடும்பத்தில் வந்தவர்கள். (சுதை என்ற நல்ல சொல் நம் கோபுரங்கள் ஒவ்வொன்றிலும் வாழ்ந்துகொண்டிருக்க, ‘பிளாஸ்டர் அலங்காரம்’ என்று எழுதுவதையும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் விட வேண்டும்.)

உள்ளே நுழைந்தால் மக்கள் அமரும் கூடம் நீள்சதுரமாக இல்லை, நீள்வட்டமாக இருக்கிறது. பத்துத் தூண்கள் சுவரை ஒட்டாமல் தனித்து நின்று அந்த வட்டத்தை வரைகின்றன. தூண்களுக்கும் புறச்சுவருக்கும் நடுவே ஒரு சுற்றுப்பாதை. புறச்சுவரின் சன்னல்களில் நுழையும் வெளிச்சம் அந்தப் பாதையைக் கடந்து, தூண்களின் பின்னாலிருந்து கூடத்தில் பரவுகிறது. தூண்களுக்கு மேல் சுவர் எங்கே முடிகிறது, விதானம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் கோடு கிழிக்க முடியாதபடி சுதைவேலை இரண்டையும் இழைத்துவிடுகிறது. மேலே மரியன்னையின் விண்ணேற்பு. விளிம்பைச் சுற்றி நான்கு கண்டங்களின் மாந்தர். சன்னலருகே நின்று உற்றுப் பார்த்தால், சுதையில் செய்த இலைகளுக்கிடையே அணிலும் பறவைகளும் பூச்சிகளும் இருக்கின்றன. சுண்ணமும் மணலும் குழைத்து, ஒரு கைவினைஞர் தம் ஊர்த் தோட்டத்தில் கண்டவற்றை அங்கே வைத்திருக்கிறார். இதையா ஆடம்பரம் என்பது?

மறுப்பு ஒன்று வரும் என அறிவேன். மதிப்பிட்ட தொகையைச் செலவு பன்மடங்கு தாண்டிப் போனது. பணியைத் தொடங்கிவைத்த மடத்தலைவர் டிடாக்குஸ் ஸ்ட்ரோபெலே அதன் காரணமாகவே பதவியை இழந்தார். அப்படியானால் ஆடம்பரம் பொருந்துகிறதே என்பார்கள். பொருந்தாது. அது மடத்தின் கணக்கேட்டைப் பற்றிய செய்தி. பாணியைப் பற்றியது அன்று. பரோக்குக்கு முந்தைய கோதிக் முறையில், செலவு மிகுந்த பேராலயங்கள் எத்தனையோ உண்டு. அவற்றை யாரும் ஆடம்பரப் பாணி என்பதில்லை. செலவு குறைந்த பரோக் சிற்றாலயங்களும் உண்டு. அவற்றை இந்த மொழிபெயர்ப்பாளர் என்னவென்று எழுதுவார்? ‘எளிய ஆடம்பரத் தேவாலயம்’ என்றா?

குழப்பம் இத்தோடு நிற்பதில்லை. அதே சிம்மர்மன் சகோதரர்கள் பின்னர் பவேரியாவில் எழுப்பிய வீஸ் கோயில் ரொக்கோக்கோ முறைக்குப் புகழ்பெற்றது. 1983-இல் உலக மரபுச் சின்னமானது. பரோக்கை ஆடம்பரம் என்றவர் ரொக்கோக்கோவுக்கு ‘மிகை ஆடம்பரம்’ என்கிறார். கிளிஞ்சல் வளைவிலிருந்து பெயர் பெற்ற, பரோக்கைவிட மென்மையும் வெளிச்சமும் கூடிய ஒரு முறை, தமிழில் வெறும் கூடுதல் செலவாகிவிடுகிறது. கலைச்சொல் என்பது ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டவே வேண்டும். பாராட்டவோ பழிக்கவோ அன்று.

என் பரிந்துரை இது. காலத்தின் பெயராக வரும் இடத்தில் ‘பரோக்கு’ என்றே எழுதலாம். குற்றியலுகரம் ஏற்ற அச்சொல் பரோக்கின், பரோக்குக் கோயில் எனத் தமிழ் இயல்பில் நடக்கும். முதன்முறை படிப்பவருக்கு விளக்கம் வேண்டிய இடத்தில் ‘நெளிவுப் பாணி’ என்று உடன் சேர்க்கலாம். வளைந்து வளைந்து செல்லும் சுவரையும் நேர்கோட்டைத் தவிர்க்கும் கூடத்தையும் அது கண்முன் நிறுத்தும். கோணல் என்ற குறையையும் ஏற்றாது. ஓவியத்துக்கும் இசைக்கும் ‘நெளிவு’ அவ்வளவு பொருந்தாது என்பதால், அங்கே ‘பரோக்கு’ மட்டுமே போதும்.

அந்தக் கட்டுரையின் வரியை, ‘பரோக்கு என்னும் நெளிவுப் பாணியில் 1733-இல் கட்டி முடிக்கப்பட்ட சிற்றூர்க் கோயில்’ என்று திருத்தி அனுப்பியிருக்கிறேன்.