அடிக்காசுச் சீட்டு இருந்தால் இடம் நமக்கா?

கடலூர் பாடலீஸ்வரர் கோயில் பக்கம் தரையில் பூக்கடை போடும் அக்கா ஒருவர் சுருக்குப்பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட சீட்டுக் கட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். அத்தனையும் அடிக்காசுச் சீட்டு, அதாவது கடை போடும் இடத்துக்கு அன்றாடம் வசூலிக்கும் காசுக்கான ரசீது. "எத்தனையோ வருஷமா தெனம் கட்டிட்டு வர்றேன் தம்பி. அப்ப இந்த எடம் எனக்குத்தானே?" என்று கேட்டார்.

இல்லை. அவர் கட்டியது அந்தந்த நாளுக்கான காசு. அங்கே உட்கார்ந்து விற்கும் உரிமையைக் கொடுப்பது வேறு ஒரு தாள், விற்பனைச் சான்றிதழ். தெரு வியாபாரிகள் சட்டம் 2014 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் சீட்டும் சான்றிதழும் ஒன்றென்று நினைப்பவர்களை லாரன்ஸ் ரோட்டிலும் மஞ்சக்குப்பத்திலும் இன்னும் பார்க்கிறேன். அந்தக் குழப்பத்தால் நஷ்டப்படுவது வியாபாரிகள்தான்.

சரி, கட்டணத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? வசூலிக்க வருபவர் அல்ல. கவுன்சிலர் தனியாக முடிவு செய்வதும் இல்லை. உள்ளாட்சியையும், வியாபாரிகளும் உறுப்பினராக இருக்கும் நகர விற்பனைக் குழுவையும் கலந்துகொண்டு மாநில அரசு ஒரு திட்டத்தை வகுத்து அரசிதழில் வெளியிட வேண்டும் என்கிறது 2014 சட்டம். விற்பனைக் கட்டணம் அந்தத் திட்டத்தில் சொன்னபடிதான் இருக்க வேண்டும். தள்ளுவண்டியில் சுற்றி விற்பவருக்கு ஒரு தொகை, ஒரே இடத்தில் கடை போடுபவருக்கு இன்னொரு தொகை என்று வகைக்கு வகை மாறலாம். ஊருக்கு ஊரும் மாறலாம், அதனால் பண்ருட்டியில் கட்டும் தொகையே கடலூரிலும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதற்கு மேல் மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணம் என்று ஒன்று உண்டு. விற்பனைப் பகுதியில் செய்து தரும் வசதிகளுக்காக அதை நிர்ணயிப்பது உள்ளாட்சி. வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் உதவுகிறது. கட்டணம் என்று வாங்கினால் கட்டுபவருக்கு ஈடாகச் சேவை இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1954இல், சென்னை மாகாணத்திலிருந்து போன சீரூர் மடம் வழக்கிலேயே விளக்கிவிட்டது. விளக்கு இல்லை, குடிதண்ணீர் இல்லை, குப்பை அள்ள ஆள் வரவில்லை என்றால் பராமரிப்புக் கட்டணம் எதற்கு என்று கேட்க வியாபாரிக்கு முழு நியாயம் இருக்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

விற்பனைக் கட்டணத்தை எங்கே கட்டுவது என்பதையும் சட்டம் சொல்லியிருக்கிறது. வங்கி, உள்ளாட்சி அலுவலகக் கவுன்டர், விற்பனைக் குழுவின் கவுன்டர் ஆகியவைதான் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள வழிகள். ரசீதுப் புத்தகத்தோடு கடைக்கு முன் வந்து நிற்கும் ஆள் அந்தப் பட்டியலில் இல்லை.

அப்படியானால் அடிக்காசு? அது பெரும்பாலும் மார்க்கெட், சந்தைக் குத்தகையைச் சேர்ந்தது. உள்ளாட்சியின் இடத்தில் வசூலிக்கும் உரிமையை ஏலத்தில் எடுத்தவர் குத்தகைதாரர். எந்த எல்லைக்குள் வசூலிக்கலாம், ஒரு கூடைக்கு எவ்வளவு, ஒரு வண்டிக்கு எவ்வளவு என்பதெல்லாம் குத்தகை நிபந்தனையில் இருக்கும். எல்லைக்கு வெளியே ரோட்டோரம் பலாப்பழம் வைத்திருப்பவரிடம் வந்து கேட்டால், எந்த உத்தரவின்படி என்று கேட்கலாம். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி ஒரு மனு போடுங்கள். குத்தகை நிபந்தனைகளும் கட்டண விவரமும் நகலாக வேண்டும் என்று எழுதினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும்.

இனி சான்றிதழ். நகர விற்பனைக் குழு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது தெரு வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். அதில் பதிவானவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கும். அந்தக் குழுவுக்குத் தலைவர் மாநகராட்சி ஆணையர். உறுப்பினர்களில் பத்துக்கு நான்கு பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் வியாபாரிகள்தான். அந்த வியாபாரி உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கட்டணத்தைப் பற்றிப் பேச வியாபாரிக்குக் கிடைத்த நாற்காலி இது. அதனால் குழுத் தேர்தலில் ஓட்டுப் போடாமல் இருந்துவிடாதீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. சான்றிதழ் கையில் வந்த பிறகு, அதன் நிபந்தனைப்படி விற்பவரைப் போலீஸ் உட்பட யாரும் தடுக்கக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். சரக்கை எடுத்துச் சென்றால் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். உரிய கட்டணத்தைக் கட்டிக் கேட்டால் பூ, மீன், தக்காளி மாதிரி அழுகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாளுக்குள். பதிலுக்கு வியாபாரியும் உறுதிமொழி கொடுக்கிறார்: தானோ குடும்பத்தாரோதான் விற்க வேண்டும், இடத்தை வாடகைக்கு விடக் கூடாது, வேறு பிழைப்பு இருக்கக் கூடாது.

டாக்சி, ஆட்டோ ஓட்டும் தம்பிகளும் இதே கேள்வியோடு வருகிறார்கள். அவர்களுக்கான பெர்மிட் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ஆர்.டி.ஓ. வழியாக வருவது, பயணக் கட்டணம் மாநில அரசு நிர்ணயிப்பது. மாநகராட்சிக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. வண்டி நிறுத்தும் இடத்தைக் குறிப்பதில் மட்டும் அதன் கருத்தைக் கேட்பார்கள்.

எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிக்குப் போய் விற்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டம் இரு பக்கமும் ஒன்றுதான். ஆனால் யூனியன் பிரதேசத்துக்குத் திட்டம் தனி, குழு தனி. கடலூர்ச் சான்றிதழ் அங்கே செல்லாது.

பூக்கார அக்காவிடம் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்றேன். அங்கே கடை போட்டு வந்ததற்கு அவைதான் சாட்சி. கணக்கெடுப்புப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். விட்டுப் போயிருந்தால் அடுத்த கணக்கெடுப்புக்குக் காத்திருக்கத் தேவையில்லை, இடையிலும் விண்ணப்பிக்கலாம். ஆதார், ரேஷன் கார்டு நகல்களோடு அந்தக் கட்டையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை மாநகராட்சி அலுவலகத்துக்குப் போகிறோம். அன்றைக்கு மட்டும் கடையை மகள் பார்த்துக்கொள்வாள்.