செக்மென்டேஷன்: துண்டாக்கமா, வரம்பிடலா?

மூளையின் எம்ஆர்ஐ படங்களை அளப்பவர்களிடம் அன்றாடம் புழங்கும் சொல் ‘செக்மென்டேஷன்’. ஓர் உறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஸ்லைஸ் ஸ்லைஸாக, அதாவது படத்தின் ஒவ்வொரு மெல்லிய அடுக்கிலும், கோடிட்டுக் காட்டும் வேலை இது. கோட்டுக்குள் அகப்பட்ட பரப்புகளைக் கூட்டி ஸ்லைஸின் தடிமனால் பெருக்கினால் அந்த உறுப்பின் கன அளவு கிடைத்துவிடும். மவுஸைப் பிடித்து ஆளே வரைந்தால் அது ‘மேனுவல் செக்மென்டேஷன்’.

இலத்தீனில் ‘செகாரே’ என்றால் வெட்டுதல்; ‘செக்மென்டும்’ வெட்டியெடுத்த துண்டு. கணிதத்தில் கோட்டுத்துண்டு, வட்டத்துண்டு என்கிறோமே, அவற்றின் ‘துண்டு’ இந்தச் சொல்லுக்கு வந்த தமிழ்தான். அதே வழியில் செக்மென்டேஷனைத் துண்டாக்கம், கூறாக்கம் என்று சொல்லலாம். பொதுவான படப் பகுப்புக்கு அது போதும். மூளைக்கு ஒத்துவராது என்பது என் எண்ணம். வெட்டு என்றால் பிரிகிற இடம் ஒன்று இருக்க வேண்டும். மூளையில் பல இடங்களில் அப்படி ஒன்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

நினைவாற்றலுக்கு முக்கியமான, அதிகம் அளக்கப்படும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸையே பார்க்கலாம். 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூற்றியலாளர் அராண்ட்சி, கடற்குதிரை போலிருக்கிறது என்று இதற்குப் பெயர் வைத்தார். (பட்டுப்புழு போலவும் அவருக்குத் தோன்றியது. நல்லவேளை, கடற்குதிரை நிலைத்தது.) இதன் வெளிப்பக்கம் எளிது. வெண்ட்ரிக்கிள் என்ற மூளை உட்குழியின் நீர், டி1 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் கறுப்பாகத் தெரியும், கோடு தானாகவே விழும். முன்முனையில்தான் தலைவலி. அங்கே ஒட்டியிருக்கும் அமிக்டலா என்ற பகுதியும் அதே சாம்பல் நிறம். இடையில் ‘அல்வியஸ்’ என்ற மெல்லிய வெண்பொருள் தகடு இருக்கிறது என்றாலும், குறுக்குவெட்டில் அது மங்கிவிடும். அதனால் பக்கவாட்டுத் தோற்றத்தையும் திறந்து வைத்துக்கொண்டுதான் வரைகிறார்கள். உட்பக்கம் இன்னும் மோசம். அங்கே ஓரமாக உள்ள சுபிகுலம் என்ற பகுதி, பக்கத்துப் புறணியோடு (மூளையின் மேலடுக்கோடு) சிறிது சிறிதாகக் கலக்கிறது. அடுக்குகள் மாறுவது நுண்ணோக்கியில் தெரியும்; 1 மி.மீ. எம்ஆர்ஐயில் தெரியாது. எனவே ‘இந்த மூலையிலிருந்து நேர்கோடு இழு’ என்பது போன்ற விதியை வைத்துக்கொள்கிறார்கள். வால்முனையில் எங்கே நிறுத்துவது என்பதும் அப்படியே. ஃபார்னிக்ஸ் என்ற நரம்பிழைக் கற்றையின் கால் முழுதாகத் தெரியும் ஸ்லைஸோடு நிறுத்துபவர்கள் உண்டு, கடைசிச் சாம்பல் திட்டு வரை போகிறவர்களும் உண்டு. படத்தை எந்த அச்சுக்கு நேராகத் திருப்பி வைப்பது என்பதிலேயே கட்சி பிரிந்தது.

விளைவு, நலமான பெரியவர்களின் ஒரு பக்க ஹிப்போகாம்பஸுக்கே ஒரு குழு 2 கன செ.மீ. என்றது, இன்னொரு குழு 5 என்றது. அல்சைமர் நோயில் இது ஆண்டுக்குச் சுமார் 4 முதல் 5 சதவீதம் சுருங்குகிறது. அளப்பவர்களுக்குள் இவ்வளவு வேறுபாடு இருந்தால் அந்தச் சுருக்கத்தை எப்படி ஒப்பிடுவது? இதற்காகவே ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளர்கள் புழக்கத்திலிருந்த 12 நெறிமுறைகளை அடுக்கிப் பார்த்து, டெல்ஃபி முறையில் (கருத்து ஒன்றுபட வேண்டிச் சுற்றுச் சுற்றாக) வாக்களித்து, ஒரே பொது நெறிமுறையை 2015-இல் வெளியிட்டார்கள். அல்வியஸ் உள்ளே, வாலும் முழுதாக உள்ளே என்பது அதன் முடிவு. இயற்கை போட்ட கோடு இல்லாத இடத்தில் ஆட்கள் கூடிப் பேசிப் போட்ட கோடு.

அதனால்தான் ‘வரம்பிடல்’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். வரம்பு என்றால் வயலின் வரப்பு. இருபுறமும் ஒரே மண்தான், நடுவில் மேடு கட்டியது மனிதக் கை. வரம்புக்கு விதி, ஒழுங்கு என்ற பொருளும் உண்டு. ‘வரம்பு மீறிவிட்டான்’ என்கிறோமே, அது. கோடு, கோட்டை ஆளும் விதி இரண்டையும் இந்த ஒரே சொல் சொல்லிவிடுகிறது. ‘எல்லை குறித்தல்’ என்பதும் தவறில்லை, ஆனால் அதில் விதியின் சாயல் குறைவு.

மேனுவல் செக்மென்டேஷனைக் கைமுறை வரம்பிடல் எனலாம், கணினி செய்தால் தானியங்கி வரம்பிடல். வரைபவர் வரம்பிடுநர். ஒரே படத்தில் இருவர் இட்ட வரம்புகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை டைஸ் குணகத்தால் சொல்வார்கள். 1 வந்தால் முழு ஒற்றுமை, 0 என்றால் துளியும் இல்லை. உயிரினங்கள் எந்த அளவுக்குச் சேர்ந்து வாழ்கின்றன என்று அளக்க, சூழலியலாளர் டைஸ் 1945-இல் முன்வைத்த கணக்கு அது. ஆள் பெயர் என்பதால் அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.